வேலைக்கு ஏற்ற நாட்கள்

வாரத்துக்கு ஓர் எண். அவள் உத்தியோகத்தில் முக்கால் பங்கு அதுதான்.

வேளாண் அலுவலகத்தின் பின்பக்கம், மழைமானி நட்டிருக்கும் புல்தரையை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு பீரோ, கால் ஆடும் நாற்காலி ஒன்று. குளிர்காலம் முடிந்து வசந்தம் தலைகாட்டியதும் அந்த மேசைக்குப் படிவங்கள் வந்து சேரும். அறுவடை முடிந்ததும் நின்றுவிடும். படிவத்தின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'கடந்த ஏழு நாட்களில் வயல் வேலைக்கு ஏற்ற நாட்கள் எத்தனை?' பூஜ்யத்திலிருந்து ஏழுக்குள் ஏதோ ஒன்றை எழுத வேண்டும். அதற்குக் கீழே விதைப்பு எவ்வளவு முடிந்தது, மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கிறது என்று இன்னும் சில கட்டங்கள். மேய்ச்சல் நிலத்துக்கு ஐந்து பதில்கள் அச்சாகியிருக்கும்: மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று. அவள் பெரும்பாலும் 'சுமார்' என்பதில்தான் கோடு போடுவாள். சுமார் என்று சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

பத்தொன்பது வருஷம். ஒரு திங்கட்கிழமை கூடத் தவறியதில்லை. ஒரு எண்ணைக்கூட யாரும் திருத்தச் சொன்னதில்லை.

தினமும் மழைமானியைப் பார்த்துக் குறிப்பதும், அவள் வராத நாளில் காவலாளி பார்த்துச் சொல்வதை எழுதிக்கொள்வதும் அவள்தான் என்பதால் ஊர் அவளை மழையக்கா என்று கூப்பிட்டது. ஐம்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை; அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி வாய் வலித்து ஓய்ந்தும் இருபது வருஷம் ஆகிவிட்டது. கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அவளை விட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து பெண் பார்த்துக் கட்டிவைத்தது வரை எல்லாம் அவள் கைதான். அவன் இப்போது பேருந்துச் சாலையை ஒட்டி ஒரு எஸ்டேட்டின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று மாடு. எஸ்டேட் கொடுத்த ஓட்டுவீடு. எஸ்டேட் கொடுத்த டிராக்டர். எஸ்டேட் கொடுத்த நிபந்தனைகள்.

அந்த எண்ணை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு கையேடு கொடுத்தார்கள். அதில் முறை தெளிவாக இருந்தது. வயலில் ஒரு சாண் ஆழத்தில் ஒரு பிடி மண் எடு. உள்ளங்கையில் வைத்து உருண்டையாக இறுக்கு. பிறகு கட்டைவிரலால் அழுத்து. உதிர்ந்தால் நிலம் வேலைக்குத் தயார். பிசைந்த மாவு போல நசுங்கிக் குழைந்தால் தயார் இல்லை. இறங்கினால் மண் இறுகிப் பாளமாகும், விதை மூச்சுத் திணறி அழுகும். முதல் இரண்டு வருஷம் அவள் அப்படித்தான் செய்தாள். சைக்கிளில் போய், ஒன்பது இடங்களில் இறங்கி, ஒன்பது பிடி மண்ணை நசுக்கிப் பார்த்துவிட்டு, நகக்கண்ணில் அழுக்கோடு அலுவலகம் வந்தாள்.

அப்புறம் சைக்கிள் காணாமல் போனது. அலுவலகம் வேறு வாங்கித் தரவில்லை. அப்போதிருந்த அதிகாரி, வெற்றிலை போட்ட வாயோடு எதற்கும் ஒரு குறுக்குவழி சொல்லக்கூடிய மனிதர், சிரித்தார்.

"ஏம்மா, எதுக்கு இந்தப் பாடு? விவசாயி என்ன பைத்தியமா? நிலம் சரியில்லன்னா அவனே இறங்க மாட்டான். ஆள் இறங்கினா நல்ல நாள். இறங்கலன்னா கெட்ட நாள். பஸ்லதானே வர்றே, ஜன்னல் சீட்ல உக்காந்து எண்ணிக்கிட்டு வா."

அதில் ஒரு நியாயம் இருந்தது. மறுக்க முடியாத நியாயம். அவள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஐம்பது நிமிஷப் பேருந்துப் பயணம். வழி நெடுக வயல்கள்தான். ஒரு டிராக்டராவது ஓடினால் அந்த நாளுக்கு ஒரு விரல் மடக்குவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கண்டக்டரைக் கேட்டுக்கொள்வாள். அந்தக் குறுக்குவழி பதின்மூன்று வருஷம் பிசகவே இல்லை. ஏனென்றால் அந்தப் பதின்மூன்று வருஷமும் அந்த வயல்களில் இறங்கியவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் இறங்கினார்கள். இறங்குவதா வேண்டாமா என்பது அவர்கள் கையில் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் சாலையின் இருபக்கமும் ஒரே எஸ்டேட்டின் கைக்குப் போனது. உழுதவர்கள் அதே நிலத்தில் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். நிலம் கைமாறியது. அவள் எண்ணுகிற விதம் மாறவில்லை.

*

அந்த வருஷம் வசந்தம் வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. குளிர் போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றது. மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகவில்லை, தூறிக்கொண்டே இருந்தது. மேய்ச்சல் நிலம் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும். மாட்டை இறக்கினால் கால் முட்டி வரை புதைந்து, ஒரே நாளில் புல் இருந்த இடம் சேற்றுத் தொட்டியாகிவிடும். அதனால் மாடுகளைக் கொட்டிலிலேயே கட்டிவைத்துப் போன வருஷத்து வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் 'சுமார்' என்று கோடு போட்டாள்.

மூன்றாவது வாரம் இரண்டு விரல் மடங்கியது. நான்காவது வாரம் நான்கு. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை காலை, பேருந்து ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"என்ன மழையக்கா, விரல் நிறைஞ்சுடுச்சா? அடுத்த கையையும் எடுக்கணும்போல."

"கிண்டல் பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை எப்படி?"

"ஞாயித்துக்கிழமை பாலத்துக்கு இந்தப் பக்கம் ரெண்டு வண்டி. மழையில நனைஞ்சுக்கிட்டே ஓட்றான். நானா இருந்தா போர்த்திக்கிட்டுப் படுத்திருப்பேன். எனக்குச் சோறு போடறது விதை இல்லையே, டிக்கெட்டுதானே."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தாழ்ந்த வயலில், ஓடைக்கரையை ஒட்டி, தம்பியின் சிவப்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பேருந்தைப் பார்த்துவிட்டு அவன் ஒரு கையைத் தூக்கினான். முகம் தெரியவில்லை. அவளும் கையைத் தூக்கினாள். பிறகு அந்தக் கையிலேயே ஒரு விரலை மடக்கிக்கொண்டாள்.

அலுவலகம் வந்து மழைமானியைப் பார்த்தாள். பதினான்கு மில்லிமீட்டர். எழுதினாள். தண்ணீரைப் புல்லில் கொட்டினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து தொலைபேசி வந்தது.

கரை மண் ஊறிப் போயிருந்ததாம். பின்சக்கரம் இறங்கியதும் வண்டி, களைத்துப்போன ஆள் உட்காருவது போல, அவசரமே இல்லாமல் ஓடைப் பக்கம் சாய்ந்ததாம். அவன் குதித்துவிட்டான். இடது கால் மட்டும் குதிக்கவில்லை. ஆட்களைக் கூட்டி வண்டியைத் தூக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தூக்க வந்தவர்களின் கால்களும் சேற்றில் நிற்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தவர் போனவர் எல்லோரும் விதி என்றார்கள். விதிக்கு வாய் கிடையாது, விலாசம் கிடையாது, சம்மன் அனுப்ப முடியாது. அதனால் எதை வேண்டுமானாலும் அதன் தலையில் கட்டலாம். கட்டினார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் வழிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை படித்தாள். அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றவில்லை. தம்பி மனைவி அவள் தோளில் சாய்ந்து விம்மியபோது, அந்தத் தோள் வேறு யாருடையதோ போல இருந்தது.

திங்கட்கிழமை அலுவலகம் போனாள். படிவத்தை எடுத்தாள். வயல் வேலைக்கு ஏற்ற நாட்கள்: ஐந்து. வியாழக்கிழமையையும் சேர்த்தே எழுதினாள். டிராக்டர் ஓடியது உண்மைதானே.

*

பதினேழு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், தம்பி வீட்டில் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கட்டு மாற்றத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டிலில் மாடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. தம்பி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அரிக்குதுக்கா," என்றான்.

"எங்கடா?"

"இல்லாத காலுல. சொறியச் சொல்லலாம்னு பாத்தா, எங்க இருக்குன்னு ஆஸ்பத்திரிலதான் கேக்கணும்."

"சும்மா இரு."

"சும்மாதானே இருக்கேன். இதுக்கு மேல எப்படி சும்மா இருக்கிறது?"

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். "அண்ணி, நேத்தி எஸ்டேட் ஆளு குடுத்துட்டுப் போனாரு. உங்க தம்பி பிரிக்காதேங்கிறாரு. பிரிக்கலன்னா உள்ள இருக்கிறது மாறிடுமா?" என்று மகளிடம் நீட்டினாள். பதினைந்து வயதுப் பெண். வீட்டில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். சத்தமாகப் படித்தாள்.

குத்தகை விசாரணைக் குழுவின் முன் எஸ்டேட் வைத்திருந்த மனு அது. குத்தகைதாரர் கவனக்குறைவாக ஓட்டி எஸ்டேட்டின் வண்டியைக் கவிழ்த்துவிட்டார். ஆகவே குத்தகை ரத்து. வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஓடைக்கரை வழுக்கலாக இருந்தது என்று குத்தகைதாரர் சொல்வதை ஏற்க முடியாது.

"'ஏனெனில்,'" என்று படித்தாள் பெண், "'அந்த வாரம் வயல் வேலைக்கு ஏற்ற நாட்கள் ஐந்து என அரசின் வாராந்திரப் பயிர் அறிக்கையே கூறுகிறது. அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' அத்தை, இது உங்க கையெழுத்துதானே?"

துணி கிழிக்கும் சத்தம் நின்றது.

நகலில் அவளுடைய ஐந்து இருந்தது. மேல்கோடு கொஞ்சம் நீண்ட ஐந்து. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்காகவே காதைத் திருகியிருக்கிறார்.

பிறகு தம்பிதான் பேசினான், கூரையைப் பார்த்தபடியே.

"எஸ்டேட் மேனேஜர் செவ்வாய்க்கிழமை காலையில ரேடியோவக் கேப்பாரு. உன் அறிக்கைய வாசிப்பாங்கல்ல, அத. கேட்டு முடிச்ச கையோட போனப் போடுவாரு. 'போன வாரம் ரெண்டு நாள் நல்லா இருந்துச்சாமே, நீ ஏன் இறங்கல?' ஆறாவது வாரம் சனிக்கிழமைக்குள்ள விதைக்கலன்னா குத்தகை வேற ஆளுக்குன்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு. இறங்காம என்ன பண்றது? மூணாவது வாரம் பயந்தவன் ரெண்டு பேரு இறங்கினான். நாலாவது வாரம் நாங்க எல்லாரும்."

"மண்ணு எப்படிடா இருந்துச்சு?"

"களியா இருந்துச்சு. கொழு ஓடுற இடமெல்லாம் வெட்டி வச்ச சோப்பு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. போட்ட விதை பாதி அழுகிப்போச்சு. இவதான் தோண்டிப் பாத்தா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நீ பாத்துட்டுத்தான் எழுதுவேன்னு நெனச்சேன். ஒன்பது எடத்துல மண்ணைப் புடிச்சிப் பாப்பேல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி நானும் உன் கூட வந்திருக்கேன், உன்னைப் பின்னாடி உக்கார வச்சு சைக்கிள் மிதிச்சுக்கிட்டு. சரி, ஊரெல்லாம் காஞ்சிருக்கு, நம்ம வயல் மட்டும்தான் மோசம்போலன்னு நெனச்சேன். பக்கத்து வயல்காரனும் அப்படித்தான் நெனச்சிருக்கான். நேத்து வந்தப்ப சொன்னான். எல்லாரும் அவனவன் வயல் மட்டும்தான் ஈரம்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உழுதிருக்கோம்."

"நான் பஸ்ல இருந்துதான்டா பாத்தேன்."

"பஸ்ல இருந்து என்னத்த பாத்தே?"

"உன்னத்தான்."

தம்பி மனைவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தம்பி சிரித்தான், மருந்து வாடையும் காய்ச்சலும் கலந்த ஒரு சிரிப்பு.

"அப்போ நீ எழுதின அஞ்சுல ஒண்ணு நானா? பரவால்லக்கா. ஒரு கால் போனாலும் அரசாங்கப் புத்தகத்துல ஏறிட்டேன்."

*

மறுநாள் பீரோவிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து மேசையில் அருகருகே வைத்தாள். ஒன்று மழை நோட்டு. அது வானிலைத் துறைக்குப் போவது. இன்னொன்று வார அறிக்கையின் நகல்கள். அது புள்ளிவிவரப் பிரிவுக்குப் போவது. இரண்டும் ஒரே கையால் எழுதியவை, ஒரே பீரோவில் ஒரே தட்டில் இருந்தவை. பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் இரண்டையும் ஒன்றாகத் திறந்ததில்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

ஐந்தாவது வாரம். ஞாயிறு பதினொன்று. திங்கள் ஆறு. செவ்வாய் இல்லை. புதன் ஒன்பது. வியாழன் பதினான்கு. வெள்ளி இல்லை. சனி ஏழு.

ஐந்து நாள் மழை. பக்கத்து நோட்டில், ஐந்து நாள் வேலைக்கு ஏற்றவை.

அவள் ஒரு வெள்ளைத் தாளில் வாரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாள். மூன்றாம் வாரம் பயந்த இரண்டு பேர் இரண்டு நாள் இறங்கினார்கள். அவள் இரண்டு என்று எழுதினாள். அந்த இரண்டைக் கேட்டு மேனேஜர் போன் போட்டார். நான்காம் வாரம் நிறையப் பேர் இறங்கினார்கள். அவள் நான்கு என்று எழுதினாள். அந்த நான்கு ஐந்தாகியது. வயலில் இருந்த ஒரு சொட்டு ஈரத்துக்கும் அந்த எண்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பயம் ஒன்று வயலில் இறங்கி, அவள் விரலில் ஏறி, ரேடியோவில் பேசி, மறுபடி வயலில் இறங்கியிருந்தது. பார்க்க ஒரு கணக்குப் போலவே இருந்தது.

புள்ளிவிவர அதிகாரியிடம் தாளைக் கொண்டுபோய் வைத்து, பதினேழு வருஷமாக எண்ணிய விதத்தையும் சொன்னாள். முப்பத்தைந்து வயது, கெட்டவர் இல்லை. கெட்டவர்கள் தேவைப்படாத அளவுக்கு அந்த அலுவலகம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், விசாரணைக்கு உங்களையும் கூப்பிட்டிருக்காங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இது உங்க அறிக்கையான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. வந்துடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல."

"எப்படி எண்ணினேன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. எண்ணை யாரும் எப்படி வந்துச்சுன்னு கேக்கறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு எண்ணு தப்புன்னு சொன்னா, பதினேழு வருஷ எண்ணும் சந்தேகம்னு ஆகும். இழப்பீடு, விதை ஒதுக்கீடு எல்லாம் இதை வச்சுத்தான் பண்ணியிருக்கோம். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. யோசிச்சுக்குங்க."

அவள் யோசித்தாள். யோசித்தால் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்கு நினைவிருந்தது. இப்போது எதுவும் நடக்கவில்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு போல, எல்லாம் இருந்தது, எதுவும் தொடவில்லை.

*

விசாரணை மாவட்ட அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. ஒரு ஜன்னல் கதவு சாத்த வராமல், காகிதத்தை மடித்துச் செருகியிருந்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமை தாங்கிய அம்மாள், ஓய்வுபெற்ற நீதிபதி, சால்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தார். ஒரு பக்கம் எஸ்டேட்டின் வக்கீலும் மேனேஜரும். மேனேஜரின் காலணிகள் சுத்தமாக இருந்தன. மறுபக்கம் தம்பி, சக்கர நாற்காலியில். தம்பி மனைவி பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்திருந்தாள். விட்டால் நாற்காலி எங்காவது ஓடிவிடும் என்பது போல.

வக்கீல் எழுந்தார். "இந்த அறிக்கை நீங்க எழுதினதா?"

"ஆமா."

"வேலைக்கு ஏற்ற நாட்கள் ஐந்துன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"அவ்வளவுதான். போதும்."

"போதாது," என்றாள் அவள்.

அது அவள் குரல்தானா என்று அவளே ஒரு கணம் பார்த்தாள். தலைமை அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

"அந்த அஞ்சு எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கல. பஸ்ல இருந்து எண்ணினேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. சைக்கிள் போனது, அதிகாரி சொன்னது, விரலை மடக்குவது, எல்லாவற்றையும் கடைக்குச் சாமான் சொல்வது போலச் சொன்னாள். மழை நோட்டை மேசையில் வைத்தாள். ஐந்து நாள் மழையைக் காட்டினாள்.

"அப்போ வியாழக்கிழமையை ஏன் சேர்த்தீங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"அன்னிக்கு ஒரு டிராக்டர் ஓடுச்சு. அதனால."

"யாருடையது?"

"இவனோடது." கையை நீட்டிக் காட்டினாள். "இவன் இறங்கினான்னு நான் நல்ல நாள்னு எழுதினேன். நான் நல்ல நாள்னு எழுதினதைக் காட்டி, நிலம் சரியாத்தான் இருந்துச்சு, இவன்தான் சரியில்லன்னு இவங்க சொல்றாங்க. இதுல நிலம் எங்க வந்துச்சு? நிலத்தை யாரும் பாக்கவே இல்ல."

மேனேஜர் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் தலையாட்டினார்.

"அம்மா, இவங்க கூடப் பிறந்தவங்க. தம்பிக்காகப் பேசறாங்க. சரி, அஞ்சு தப்புன்னா சரியான எண்ணு என்ன? பூஜ்யமா? சொல்லச் சொல்லுங்க."

அறை அவளைப் பார்த்தது. தம்பி மனைவியின் கண்கள் கெஞ்சின. பூஜ்யம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் முடிந்தது.

"தம்பிக்காகப் பேசறதா இருந்தா பூஜ்யம்னு சொல்லியிருப்பேன்," என்றாள். "எனக்குத் தெரியாது. நான் மண்ணைத் தொடல. மழை பெஞ்சது தெரியும். மண்ணு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க அதுல இறங்கினவங்கதான். அவங்களை இதுவரைக்கும் யாரும் கேக்கல. பதினேழு வருஷமா நானும் கேக்கல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கவும் தோன்றவில்லை.

பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான்கு பேரும் முதலில் மேனேஜரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு களி என்றார்கள்.

தீர்ப்பு நான்கு நாள் கழித்து வந்தது. அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க இயலாது. கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை. குத்தகையும் வீடும் தொடரும். கடைசியில் ஒரு வரி: விதைப்புக்கான கெடுத் தேதி பற்றிய நிபந்தனை இருதரப்பும் ஒப்புக்கொண்டது, அது குறித்துக் கருத்துச் சொல்ல இக்குழுவுக்கு அதிகாரமில்லை. இருதரப்பும்! ஒரு தரப்பு எழுதியது, மறுதரப்பு கைநாட்டு வைத்தது. அதற்குப் பெயர் ஒப்பந்தம். ஒரு மனிதனைச் சேற்றில் இறக்கிவிட்ட அந்த வரி மட்டும், சட்டை கசங்காமல் வீடு திரும்பியது.

"கால் இல்லாதவனுக்கு வீடு கெடச்சிடுச்சு," என்றான் தம்பி. "இனி வழுக்கி விழ ஒரு கால்தான். பாதி ஆபத்து கம்மி."

*

அவளுக்கு ஒரு மெமோ வந்தது. 'முறையற்ற கணக்கெடுப்பு.' வேலையை மாற்றுவார்கள் என்று நினைத்தாள். மாற்றவில்லை. வாரத்துக்கு ஓர் எண் எழுத வேறு யாரும் முன்வரவில்லை.

அடுத்த வாரம் அவள் பேருந்திலிருந்து இறங்க ஆரம்பித்தாள். ஒரு நிறுத்தத்தில் இறங்கி, வயலுக்குள் போய், ஒரு சாண் தோண்டி, மண்ணைப் பிடித்து நசுக்கிப் பார்த்துவிட்டு வருவதற்குள் பேருந்து போய்விடும். அடுத்தது முக்கால் மணி கழித்துத்தான். ஒரு வாரத்தில் மூன்று இடம்தான் முடிந்தது. திங்கட்கிழமை படிவத்தில் எழுதினாள்: 'மூன்று இடங்களில் பார்த்தேன். மூன்றிலும் பூஜ்யம். மீதி ஆறு இடம் பார்க்கவில்லை.' மேய்ச்சல் நிலத்துக்கு 'மோசம்' என்பதில் கோடு போட்டாள்.

அதிகாரி போன் போட்டார். "மேடம், பார்க்கலைன்னு எழுத இதுல கட்டமே இல்லையே."

"தெரியும் சார். கட்டத்துக்கு வெளியே எழுதியிருக்கேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "ரேடியோவுக்கு என்ன குடுக்கிறது?"

"எழுதினதையே குடுங்க."

தெரிந்தே கொடுத்தாரா, திருத்த மறந்து அப்படியே போய்விட்டதா தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை ரேடியோ அதை அப்படியே வாசித்தது. பார்க்கவில்லை என்ற சொல்லையும் சேர்த்து.

வியாழக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. பேருந்து ஓடைப் பாலத்தைத் தாண்டியது. கண்டக்டர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"என்ன மழையக்கா, ஒரு குஞ்சு குளுவானைக் காணோம்? ஊரே லீவு போட்டுட்டுப் படுத்துடுச்சா?"

சாலையின் இருபக்கமும் வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. தாழ்ந்த வயலில் டிராக்டர் சரிந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. அவள் கை மடியில் திறந்தே கிடந்தது. மடக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆள் இறங்காததைப் பார்ப்பது மண்ணைப் பார்ப்பது ஆகாது என்று இப்போது தெரியும்.

"விசில் அடிங்க," என்றாள். "இங்கயே இறங்கிக்கிறேன்."

"இங்கயா? மழையில? அடுத்த வண்டி லேட்டுக்கா."

"தெரியும்."

இறங்கினாள். வரப்பில் கால் வழுக்கியது, சமாளித்துக்கொண்டாள். தம்பியின் வயலில் குனிந்து, ஒரு சாண் தோண்டி, ஒரு பிடி எடுத்தாள். உள்ளங்கையில் இறுக்கினாள். கட்டைவிரலால் அழுத்தினாள்.

அது உதிரவில்லை. குழைந்து விரலிடுக்கில் பிதுங்கியது. உள்ளே எதுவும் தோன்றவில்லை, வழக்கம்போல. கை மட்டும் சில்லென்றிருந்தது. அவள் அதைத் துடைக்காமல், நோட்டை மற்ற கையால் திறந்து, எழுதினாள்.